ஊருணி நீச்சலை நம்பிப் படகேறாதீர்கள்

காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் ஊருணிதான். படித்துறை இருக்கும், நாலு பக்கமும் கரை தெரியும், அலை கிடையாது. அங்கே கற்ற நீச்சலை நம்பித்தான் விடுமுறை நாளில் தொண்டிக் கடலிலும், காரங்காட்டு அலையாத்திக் காட்டிலும், கொடைக்கானல் ஏரியிலும் படகேறுகிறோம். "எனக்குத்தான் நீச்சல் தெரியுமே, லைஃப் ஜாக்கெட் எதுக்கு?" என்று படகுத்துறையில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். படகு கவிழும்போது விளிம்பு தலையில் இடிக்கலாம். திடீரென்று விழுந்த அதிர்ச்சியில் தண்ணீரைக் குடித்து மூச்சுத் திணறலாம். நீந்த முடியாமல் போகிற அந்த நேரத்துக்குத்தான் ஜாக்கெட்.

போட்டுக்கொண்டால் மட்டும் போதாது. ஒருமுறை காரங்காட்டுக்கு எங்களோடு வந்த ஆச்சி ஒருவர், புடவை கசங்கும் என்று மேல் கொக்கியை மட்டும் மாட்டிக்கொண்டு கீழ்ப்பட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார். ஏழு வயதுப் பேரனுக்கோ பெரியவர்கள் போடும் ஜாக்கெட். "ஆச்சி, ரெண்டு கையையும் மேலே தூக்குங்க" என்று சொல்லி, ஜாக்கெட்டின் தோள் பகுதியைப் பிடித்து மேலே இழுத்துக் காட்டினேன். காது வரை ஏறிவிட்டது. தண்ணீரில் விழுந்தாலும் இதுதான் நடக்கும். ஜாக்கெட் மிதக்கும், ஆள் கீழே நழுவிவிடுவார். ஆச்சி உடனே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லாப் பட்டைகளையும் இறுக்கினார். பேரனுக்குச் சின்ன அளவு தேடி எடுத்துக் கொடுத்த பிறகுதான் படகு கிளம்பியது. பிள்ளையின் எடைக்கேற்ற ஜாக்கெட் இல்லையென்றால் அன்றைக்குப் படகு வேண்டாம். அழுதாலும் பரவாயில்லை.

அடுத்தது ஆள் கணக்கு. கூட்டுக் குடும்பமாகப் போகிறவர்கள் நாம். "இன்னும் ரெண்டு பேர்தானே, ஏத்திக்கங்க அண்ணே" என்று படகுக்காரரை நச்சரிப்பது பெரும்பாலும் நாம்தான். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், இருட்டிய பிறகு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்ததும், படகின் நிலைத்தன்மையில் இருந்த குறையும் அங்கே காரணங்களாகச் சொல்லப்பட்டன. செல்ஃபி எடுக்க எல்லோரும் ஒரு பக்கம் எழுந்து நிற்பதும் அதே தவறுதான். எழுந்து நின்றால் பாரம் மேலே போகிறது, சின்ன ஆட்டத்துக்கே படகு புரளும். ஏறும்போதும் விளிம்பில் மிதிக்காமல் நடுவில் கால் வைத்து, ஒருவர் உட்கார்ந்த பிறகு அடுத்தவர் ஏற வேண்டும்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பழகியவர்கள்கூட ஏமாறும் இடம் அது. தொண்டிக் கரை கிழக்கே பார்த்தது. மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும்போது அது தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. கரையோரம் அலையே இருக்காது, தண்ணீர் தாம்பாளம் போலக் கிடக்கும். அதைப் பார்த்துத் துடுப்புப் படகில் இறங்கினால், போகும்போது சுகமாக இருக்கும். காற்றே தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போதுதான் கை வலிக்க வலிக்கத் துடுப்புப் போட்டாலும் கரை நெருங்காது. அதனால் அப்படிக் காற்று வீசும்போது துடுப்புப் படகில் இறங்காதீர்கள். மற்ற நேரத்தில் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துப்போனால் அதே காற்று திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். கிளம்பும் முன் அங்குள்ள மீனவர் ஒருவரிடம் "இன்னைக்குக் காத்து எப்படிண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள்.

மழைக்காலம் முடிந்து கண்மாய் நிறைந்ததும் நம்மூர் இளவட்டங்கள் வாழைமரத் தெப்பமும் லாரி டியூபும் கொண்டு இறங்குகிறார்கள். இதை யாரும் படகுச் சவாரி என்று நினைப்பதில்லை, ஜாக்கெட்டும் போடுவதில்லை. எனக்கு இதுதான் கடலைவிடப் பயம். தண்ணீருக்கடியில் சீமைக்கருவேலக் கட்டைகள் டியூபைக் கிழிக்கும். சேற்றில் கால் புதைந்தால் இழுக்க இழுக்க இறங்கும். மடை திறந்திருந்தால் மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே இழுப்பு பலமாக இருக்கும். கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழியும்போது அதன் பக்கமே போகக்கூடாது. கீழே விழுகிற தண்ணீர் ஆளைச் சுழற்றி அங்கேயே அமுக்கிவிடும்.

சொந்தமாக எஞ்சின் படகு ஓட்டுகிறவர்கள் செய்யும் தவறு வேறு. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்கென்றே ஒரு கயிறு வரும். அதைக் கையில் மாட்டாமல் அப்படியே தொங்கவிடுகிறார்கள். ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே வந்து ஏறும். தண்ணீரில் கிடப்பவரைத் தூக்குவதற்கு முன்னும் எஞ்சினை நிறுத்தியாக வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுவது பற்றி இரண்டாம் பேச்சே இல்லை.

கவிழ்ந்துவிட்டால் கரையை நோக்கி நீந்தத் தோன்றும். நீந்தாதீர்கள். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தைவிடத் தள்ளித்தான் இருக்கும். கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதக்கும், தேடுபவர் கண்ணில் படுவதும் அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை நடுவில் வைத்துச் சேர்ந்தே இருங்கள். எத்தனை பேர் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லியிருந்தால், நேரம் தாண்டியதும் அவர் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணை அழைப்பார். அந்த எண்ணை அவர் போனில் நீங்களே பதிந்து கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.