பழைய வியட்நாம் நீல வெள்ளைக் கலத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்

15, 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வியட்நாம் நீல வெள்ளைக் கலம் என்று சொல்லி ஒரு தட்டையோ கிண்ணத்தையோ விற்பனைக்குக் காட்டினால், மேலே உள்ள சித்திரத்தில் மயங்குவதற்கு முன் அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். வட வியட்நாமின் ஹாய் டுவோங் பகுதியில் உள்ள சூ தௌ முதலிய ஊர்ச் சூளைகளில் செய்த அக்காலக் கலங்கள் பலவற்றின் அடியில், தூரிகையால் வட்டமாக இழுத்த சாக்லேட் நிறப் பூச்சு ஒன்று இருக்கும். அது ஏன் பூசப்பட்டது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சு இல்லாத அடிவளையத்தில் தெரியும் மண், சீனப் பீங்கானைப் போல வெண்மையாகவும் வழவழப்பாகவும் இராமல், சற்றே சாம்பல் கலந்து சொரசொரப்பாக இருப்பது இயல்பு.

ஆனால் இந்தப் பழுப்புப் பூச்சைப் போலி செய்வோரும் அறிவார்கள் என்பதால், அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது, பூச்சு மண்ணோடு சுடப்பட்டு இறுகியிருக்கிறதா, நனைத்த துணியால் துடைத்தால் கறை ஒட்டுகிறதா என்று கவனியுங்கள்.

மத்திய வியட்நாமின் ஹோய் ஆன் நகருக்கு அருகே கூ லாவ் சாம் தீவையொட்டி மூழ்கிய கப்பலிலிருந்து 1990களின் இறுதியில் சுமார் 2,50,000 கலங்கள் மீட்கப்பட்டு, அவற்றில் பெரும்பகுதி 2000ஆம் ஆண்டில் ஏலத்துக்கு வந்தது. ஆகவே அந்தக் கப்பலின் பெயரைச் சொல்லி விற்பவரிடம், ஏல முத்திரைச் சீட்டையும் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். கடலில் கிடந்த கலத்தில் மெருகு மங்கியிருப்பது குறையன்று. அது ஒரே சீராக, உப்புத்தாள் தேய்த்ததுபோல் மங்கியிருந்தால்தான் ஐயப்பட வேண்டும்.