ஆசிரியர் இல்லாமல் வாட்டர்கலர் பழகுவது எப்படி?

வகுப்புக்குப் போகாமல் ஓவியம் பழகுகிறவருக்கு உள்ள பெரிய குறை, எது சரியில்லை என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆளில்லாததுதான். படம் எடுபடவில்லை என்று தெரியும், ஏன் என்று தெரியாது. கை தானாகப் புது வண்ணம் வாங்கப் போகும். தனியாகவே பழகி வந்த நான் இப்போது புதியவர்களுக்குச் சொல்வது இதுதான்: ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் பழகுங்கள். அப்போது தப்பு எங்கே என்று படமே காட்டிக்கொடுக்கும்.

1. தாள்

கையில் உள்ள காசை முதலில் தாளுக்குச் செலவழியுங்கள். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம்) வாட்டர்கலர் தாள், முடிந்தால் முழுப் பருத்தித் தாள். மெல்லிய டிராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டதும் நெளியும். அந்தக் கோளாறை உங்கள் கையின் கோளாறு என்று நினைத்துவிடுவீர்கள். பெரிய தாளாக வாங்கி எட்டாக வெட்டிக்கொண்டால் கட்டுப்படியாகும். நுனி கூராக நிற்கும் 8ஆம் எண் ரவுண்டு பிரஷ் ஒன்று, இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு பழைய பருத்தித் துணி. ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும்.

2. ஒரே வண்ணம்

பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு போன்ற அடர்ந்த வண்ணம் ஒன்றை எடுங்கள். வரிசையாக ஐந்து கட்டம் போடுங்கள். முதல் கட்டம் வெறும் தாள். கடைசிக் கட்டம் எவ்வளவு அடர்த்தியாக வருமோ அவ்வளவு. நடுவில் மூன்று படிகள். வாட்டர்கலர் காய்ந்ததும் வெளிறிவிடும், அதனால் ஈரத்தில் ஒரு படி கூடுதலாகவே போடுங்கள். புதியவர்களின் படம் மந்தமாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: எல்லாமே நடுப்படியில் நின்றுவிடும், ஐந்தாவது படியைத் தொட மனம் வராது.

அப்புறம் ஒரு முட்டையை வெள்ளைத் துணிமேல் வைத்து, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் வரையுங்கள். நன்றாகப் பாருங்கள். முட்டையின்மேல் உள்ள நிழலில் அதிக இருட்டு ஓரத்தில் இல்லை, சற்று உள்ளே இருக்கிறது. துணியில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து ஓரத்தை லேசாக வெளுக்கிறது. அந்த மெல்லிய வெளுப்பைப் பிடித்துவிட்டால் படத்தில் முட்டை உருண்டையாகத் தெரியும்.

3. ஈரம்

நனைத்த தாளைக் கண் மட்டத்துக்குச் சாய்த்துப் பளபளப்பைப் பாருங்கள். கண்ணாடி போல மின்னினால் வண்ணம் இஷ்டத்துக்கு ஓடும். பட்டு போல மங்கிய மினுமினுப்பு இருந்தால் விளிம்பு மென்மையாகக் கரையும். மேகத்துக்கும் தூரத்து மரத்துக்கும் அதுவே நேரம். மினுமினுப்பு போய், புறங்கைக்கு மட்டும் சில்லென்று இருந்தால் தொடவே வேண்டாம், முழுக்கக் காயட்டும். தாளைவிடப் பிரஷ்ஷில் தண்ணீர் கூடுதலாக இருந்தால் காலிஃபிளவர் மாதிரி கறை விரியும். அதனால் நனைத்த பிரஷ்ஷைத் துணியில் ஒற்றிவிட்டுத் தொடுங்கள். ஃபேனையும் நிறுத்திவிடுங்கள்.

4. இரண்டு வண்ணம்

அல்ட்ராமரின் புளூவும் பர்ன்ட் சியன்னாவும். நீலம் கூடினால் மழைமேகம், பழுப்பு கூடினால் மரப்பட்டை. தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் கலந்தால் கிட்டத்தட்டக் கறுப்பே கிடைக்கும். தனியாகக் கறுப்பு ட்யூப் தேவையில்லை.

5. பார்த்து வரைதல்

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வான்கோ 1880இல், 27 வயதில், ஓவியராக வேண்டும் என்று முடிவு செய்தபோது பிரெஞ்சு ஓவியர் சார்ல் பார்க் உருவாக்கிய பயிற்சித் தாள்களைத்தான் பார்த்துப் பார்த்து வரைந்தார். இன்னொரு பிரெஞ்சு ஓவியரான மிலேயின் படங்களையும் பார்த்து வரைந்தார். நீங்களும் பிடித்த ஓவியம் ஒன்றை எடுத்து, போஸ்ட்கார்டு அளவில், அதன் இருட்டுப் பகுதிகளை மட்டும் ஒரே வண்ணத்தில் போட்டுப் பாருங்கள். பின்பக்கம் மூல ஓவியரின் பெயரை எழுதிவையுங்கள்.

6. சோதனை

முடித்த படத்தையும் மூலத்தையும் போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நிழல் வெளிறியிருந்தால் மேலே உள்ள 2ஆம் பகுதிக்குத் திரும்புங்கள். விளிம்புகள் முரட்டுத்தனமாக இருந்தால் 3ஆம் பகுதி. உருவம் கோணியிருக்கிறதா என்பதைக் கண்ணாடியில் காட்டினால் உடனே தெரியும். கண்டதில் ஒன்றை மட்டும் தேதியோடு படத்தின் பின்னால் குறித்துக்கொண்டு, அடுத்த தாளில் அதையே பழகுங்கள்.