ஜப்பான் அனிமே கேமை நம்ம ஊரு பழைய செட்டுல ஓட்டுதது எப்படி

சித்தப்பா மகன் துபாய்ல இருந்து லீவுக்கு வரும்போது செகண்ட் ஹேண்ட் ஜப்பான் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2 கேம் செட்டு) ஒண்ணும் அஞ்சாறு அனிமே கேம் டிஸ்க்கும் ஆசையா வாங்கிட்டு வந்தான், பாளையங்கோட்டை வீட்டுக்குள்ள நுழைஞ்ச உடனே பிளக்குல சொருகிட்டான், டப்புனு ஒரு சத்தம், கருகுன வாடை, அவ்வளவுதான் செட்டு போச்சு. இன்னும் மனசு ஆறல. அதனால ரீஜன் லாக்குக்கு (ஒரு நாட்டு கேம் இன்னொரு நாட்டு செட்டுல ஓடாம போடுத பூட்டு) முன்னாடி கரண்ட் விஷயத்தச் சொல்லிருதேன் மக்கா.

ஜப்பான்ல வீட்டு கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230. செட்டுக்குப் பின்னாலயோ அடாப்டர்லயோ ஒட்டியிருக்க ஸ்டிக்கர டார்ச் அடிச்சுப் பாருங்க, 100-240ன்னு இருந்தா பயமில்ல, 100 மட்டும் இருந்தா ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாம பிளக்குல கை வைக்காதீங்க. ஜங்ஷன் பக்கம் எலக்ட்ரிக்கல் கடை அண்ணாச்சிகிட்ட கேக்கும்போது 100 வோல்ட்னு அழுத்திச் சொல்லுங்க.

அடுத்தது, எல்லா செட்டுலயும் பூட்டு கிடையாது. கேம் பாய் அட்வான்ஸ், சாதா நிண்டெண்டோ டிஎஸ், பிஎஸ்பி, இந்தக் கையில வச்சு ஆடுத செட்டுலலாம் கிட்டத்தட்ட எந்த நாட்டு கேமும் அப்படியே ஓடும். பிஎஸ்3-லயும் ஓடும், பெர்சோனா 4 அரீனா மாதிரி அபூர்வமா ஒண்ணு ரெண்டுக்குத்தான் பூட்டு. 2006-ல ஜப்பான்ல மட்டும் வந்த ஜம்ப் அல்டிமேட் ஸ்டார்ஸ் இருக்குல்லா, லூஃபி, கோக்கு, நருடோ எல்லாரும் ஒண்ணா அடிச்சுக்கிடுவாங்களே, அத நம்ம டிஎஸ்ல சொருகுனா போதும். புதுசா ஆரம்பிக்கவங்க இதுல இருந்து ஆரம்பிங்க, அதான் நல்லது. டிஎஸ்க்கு அடுத்து வந்த 3டிஎஸ்ல போய் மாட்டிக்கிடாதீங்க, அதுல பூட்டு உண்டு.

இப்ப பிஎஸ்2. இந்தியாவுல வித்தது பிஏஎல் (PAL, நம்ம ஊரு டிவி முறை) ரகம், ஜப்பான் டிஸ்க்கப் போட்டா செவப்பு ஸ்க்ரீன் வந்து நின்னுரும். பூட்ட ஏமாத்த உள்ள சிப் வைக்கேன்னு செட்டப் பிரிக்கச் சொல்லுவாக, எனக்கு அதுல இஷ்டமில்ல, பழைய செட்டுல சால்டரிங் சூடு வச்சா போர்டு போயிரும். ஃப்ரீ எம்சிபூட்னு (மெமரி கார்டுல இருந்தே வேற சாஃப்ட்வேரத் திறக்க விடுத புரோகிராம்) ஏத்துன மெமரி கார்டு ஒண்ணு வாங்கி மொத ஸ்லாட்டுல போடுங்க, அதுல இருந்து ஓபன் பிஎஸ்2 லோடர்னு, டிஸ்க் இல்லாம கேமை ஓட்டுத சாஃப்ட்வேர் திறக்கும். உங்க சொந்த டிஸ்க்க கம்ப்யூட்டர் டிவிடி டிரைவுல போட்டு ஐஎஸ்ஓவா (முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலா) எடுத்து பென்டிரைவுல வச்சா லோடர் எந்த ரீஜன்னே பாக்காது. பென்டிரைவு ஃபேட்32 ஃபார்மேட்டுன்னா 4 ஜிபிக்கு மேல உள்ள ஃபைல் ஏறாது, யூஎஸ்பியூட்டில்ங்கற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்ல போட்டு துண்டாக்கணும். பிஎஸ்2-வோட யூஎஸ்பி பழைய 1.1, அதனால கேம் நல்லா போகும் ஆனா நடுவுல வார அனிமே வீடியோ திக்கித் திக்கித்தான் வரும், அது கேமோட தப்பில்ல. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, 90000 வரிசையில கடைசியா வந்த ஸ்லிம் செட்டுல இந்தக் கார்டு வேலை செய்யாது, வாங்குறதுக்கு முன்னாடியே கார்டப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.

படம் கருப்பு வெள்ளையா வந்தா டிவி மெனுவுல கலர் சிஸ்டத்த ஆட்டோவுக்கோ, ஜப்பான் டிவி முறையான என்டிஎஸ்சிக்கோ மாத்துங்க. அப்பவும் வரலன்னா காம்போனென்ட் கேபிள் வாங்கிருங்க.

கடைசியா பாஷை. கதைக்கு போன்ல கூகுள் லென்ஸப் பிடிச்சுக்கிடலாம், ஆனா சண்டைக்கு நடுவுல போனத் தூக்க முடியாதுல்லா, அதனால ரெண்டு மூணு வார்த்தைய கண்ணுல பழகிக்கோங்க. ஜப்பான் கேம்ல வட்டம்தான் ஓகே, பெருக்கல் குறி பின்னால போகும், நம்ம பழக்கத்துக்கு நேர் எதிர். கேள்வி கேட்டு ரெண்டு சாய்ஸ் வந்தா, ரெண்டு எழுத்து உள்ளது ‘ஹை’, அதாவது ஆமா, மூணு எழுத்து உள்ளது ‘ஈயே’, இல்ல. சேவ், லோடு ரெண்டுக்குமே மூணு எழுத்து, ரெண்டுலயும் நடுவுல நீளமா ஒரு கோடு கிடக்கும். மொத எழுத்து சதுரப் பெட்டி மாதிரி இருந்தா அது லோடு, அதத் தெரியாம அமுக்குனா அன்னைக்கு ஆடுனது பூரா போயிரும்.