கோமாயே: கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கிறதா?

ஜப்பானியச் சாப்பாட்டில் சோறு, மிசோ சூப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பச்சைக் கீரை ஒரு பிடி வரும். எள்ளை வறுத்துப் பொடித்து, சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்துக் கீரையில் பிசறியிருப்பார்கள். அதுதான் கோமாயே. ‘கோமா’ என்றால் எள். கால் மணி நேர வேலைதான். ஆனால் நான் முதல் தடவை செய்தபோது கிண்ணத்தின் அடியில் பழுப்புத் தண்ணீர் தேங்கி, எள் அதில் மிதந்தது. இதைக் கெடுப்பது பெரும்பாலும் மசாலா அளவு இல்லை, தண்ணீர்தான்.

முதலில் கீரை. கடையில் பாலக் என்று கேட்டு வாங்குங்கள். பசலை என்று கேட்டால் சில இடங்களில் வழவழக்கும் கொடிப்பசலையை எடுத்துத் தருவார்கள்.

பொரியலுக்கு அரிவதுபோலப் பொடியாக அரிந்துவிட்டு வேகவைப்பதுதான் நம் கைப்பழக்கம். இங்கே அது வேண்டாம். அரிந்த கீரை நீரைக் குடித்துக்கொள்ளும், பிழியவும் கைக்கு அகப்படாது. தண்டோடு முழுசாக வேகவையுங்கள். 200 கிராம் கீரைக்கு 2 லிட்டர் தண்ணீராவது நன்றாகக் கொதிக்க வேண்டும். தண்டுப் பக்கத்தை முதலில் இறக்கி 20 விநாடி, பிறகு இலையையும் அமுக்கி இன்னொரு 30 விநாடி, போதும். மூடி போடாதீர்கள். கீரையிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியேறாமல் பாத்திரத்திலேயே தங்கினால் பச்சை மங்கிப் பழுத்த நிறமாகிவிடும். எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டும். சூடு அடங்கும், பல்லில் ஒட்டுகிற அந்தக் காறலும் ஓரளவு போகும். காறலுக்குக் காரணம் ஆக்ஸாலிக் அமிலம், அது நீரில் கரையக்கூடியது. அதனால்தான் கீரையை வேகவைக்காமல் நேராக வாணலியில் வதக்கினால் இந்த ருசி வராது.

அப்புறம் பிழிவது. தண்டுகளை ஒரே பக்கமாக அடுக்கி, தண்டிலிருந்து நுனி நோக்கிக் கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். துணி முறுக்குவதுபோல முறுக்கினால் கீரை கூழாகிவிடும். பிழிந்ததும் ஒன்றரை அங்குல நீளத்துக்கு நறுக்குங்கள். அவ்வளவுதான் என்று நினைக்கத் தோன்றும். பலரும் விட்டுவிடும் படி இதற்கு அடுத்ததுதான். நறுக்கிய கீரையில் ஒரு டீஸ்பூன் சோயா சாஸ் தெளித்துப் புரட்டி, இன்னொரு தடவை பிழிய வேண்டும். ‘ஷோயு அராய்’ என்பார்கள், சோயாவில் அலசுவது. உப்புப் பட்டதும் உள்ளே ஒளிந்திருக்கும் தண்ணீர் வெளியே வந்துவிடும், கீரைக்கும் லேசாக உப்புப் பிடிக்கும். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் என் கிண்ணம் காய்ந்தது.

எள் 2 டேபிள்ஸ்பூன். வெள்ளை, கறுப்பு எதுவும் சரி. வறுத்து விற்கும் எள்ளாக இருந்தாலும் வாணலியில் மறுபடி ஒரு சூடு காட்டுங்கள், இரண்டு மூன்று வெடித்ததும் இறக்கிவிடலாம். ஜப்பானியர்கள் உள்பக்கம் வரிவரியாக இருக்கும் சுரிபாச்சி என்ற மண் கிண்ணத்தில் அரைப்பார்கள். வீட்டில் இருக்கும் சின்ன உரல் போதும். மிக்ஸியில் நிறுத்தாமல் ஓட்டினால் எண்ணெய் கக்கி உருண்டையாகிவிடும். விட்டு விட்டு இரண்டு சுற்று, கொஞ்சம் கொரகொரப்பாக. கூடவே 2 டீஸ்பூன் சர்க்கரை, 2 டீஸ்பூன் சோயா சாஸ்.

சோயா சாஸிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஃப்ரைட் ரைஸுக்கு ஊற்றும் கெட்டியான டார்க் சோயா சாஸில் கீரை கறுத்துவிடும். ஜப்பானிய வகை கிடைக்காவிட்டால் லைட் சோயா சாஸைக் கொஞ்சம் குறைத்து ஊற்றுங்கள், அது உப்புக் கரிக்கும். வாசனைக்காக நல்லெண்ணெய் விடலாமா என்றால், வேண்டாம். எண்ணெயும் பூண்டும் சேர்த்தால் அது கொரியாக்காரர்களின் நமுல். அதுவும் அருமைதான், ஆனால் வேறு பண்டம்.

பிசறுவது சாப்பிட உட்காரும்போது. முன்னாலேயே பிசறி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுபடி தண்ணீர் விடும். மதியத்துக்கு டப்பாவில் கட்டிக் கொடுப்பதானால், டப்பாவின் அடியில் முதலில் ஒரு ஸ்பூன் எள்ளுப்பொடி தூவிவிட்டு மேலே கீரையை வையுங்கள். கசிகிற ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.