ஓவியரின் பேச்சுக்குப் போவது கலியாணத்துக்குப் போவது போல அல்ல

மட்டக்களப்பில் ஓவியக் கண்காட்சி ஒன்று வைத்தால் திறப்பு விழா அன்று மண்டபம் நிறைந்துவிடும். மறுநாள் பின்னேரம் அதே ஓவியர் தன் படங்களுக்கு நடுவில் நின்று பேசுவார். கேட்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆர்வம் இல்லை என்று இதற்குக் காரணம் சொல்லக் கூடாது. கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தை வைத்திருக்கிற ஊர் இது. எந்தக் கூட்டத்தையும் விழாவாகவே பார்த்துப் பழகிவிட்டோம், அதுதான் சங்கதி. விழாவுக்கு முகம் காட்டிவிட்டு வரலாம். கலை நூதனசாலை நடத்துகிற உரைகளும் பயிலரங்குகளும் ஒரு பொருளைப் பலபேர் சேர்ந்து நின்று பார்ப்பதற்கானவை. கீழே சொல்லப்போகிற தவறுகளில் பாதி இந்தக் குழப்பத்தில் வருபவைதான்.

முதலில் அறிவித்தலைப் படிக்கிற விதம். வட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் வரும். திகதி இருக்கும், ஆண்டு இருக்காது. போன வருடத்துப் போஸ்டரைப் பார்த்து ஆட்டோ பிடித்துப் போய் இறங்கியவர்களும் உண்டு. நூதனசாலையின் சொந்தப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்புறம், எந்த வகை நிகழ்ச்சி என்பதையும் கவனியுங்கள். ஓவியர் உரை என்றால் உட்கார்ந்து கேட்கலாம். கியூரேட்டரோடு, அதாவது படங்களைத் தெரிந்து கண்காட்சியை அமைத்தவரோடு, சுற்றிப் பார்ப்பது என்றால் ஒரு மணிநேரம் நிற்கவேண்டி வரும், வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் கதிரை கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்கவேண்டும். பயிலரங்கில் இடம் குறைவு, பதிவு செய்தாக வேண்டும். ‘அனுமதி இலவசம்’ என்பதைப் ‘பதிவு தேவையில்லை’ என்று வாசிப்பது நம்மிடம் பரவலாக இருக்கிற பழக்கம். அதைவிட மோசம், பதிவு செய்துவிட்டுச் சொல்லாமல் போகாமல் விடுவது. அந்த இடத்துக்கு இன்னொருவர் காத்திருந்திருப்பார்.

மொழியையும் பாருங்கள். கொழும்பில் 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலைகளுக்கான அருங்காட்சியகம் போல மூன்று மொழியிலும் வேலை செய்கிற இடங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு உரையும் தமிழில் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மொழிபெயர்ப்பு உண்டா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்பதில் வெட்கமில்லை. கேட்பவர்கள் கூடினால்தான் அவர்களும் ஏற்பாடு செய்வார்கள்.

கொழும்புக்கு இரவு ரயிலில் போகிறவர்கள் செய்கிற தவறு வேறு. உரை பின்னேரம்தானே என்று பகல் முழுக்கப் புறக்கோட்டையில் சாமான் வாங்கிவிட்டு நேரத்துக்கு மண்டபத்துக்குப் போவார்கள். உரை முடியும்போது காட்சிக்கூடம் பூட்டியிருக்கும். படங்களைப் பாராமல் படங்களைப் பற்றிய பேச்சை மட்டும் கேட்டுவிட்டு ஊர் திரும்பவேண்டியதுதான். காலையில் கண்காட்சி, பின்னேரம் உரை என்று வைத்துக்கொண்டால் பேசுகிறவர் எந்தப் படத்தைச் சொல்கிறார் என்பது விளங்கும். போயா விடுமுறையில் திறப்பார்களா என்பதையும் பயணச்சீட்டு எடுக்க முன் கேட்டுவிடுங்கள்.

இணைய உரைகளில் ஆளைக் கவிழ்ப்பது நேரம்தான். லண்டனில் மாலை 6.30க்கு ஒரு உரை என்றால், அங்கே கோடையில் நமக்கு அது இரவு 11 மணி. மார்ச் கடைசி ஞாயிறிலும் ஒக்டோபர் கடைசி ஞாயிறிலும் அவர்கள் மணிக்கூட்டை மாற்றுகிறார்கள், ஆகவே குளிர்காலத்தில் அதே உரை நள்ளிரவு 12 மணி. நியூயோர்க்கில் மாலை 6 மணி என்றால் நமக்கு விடியப்புறம் 3.30 அல்லது 4.30, அதுவும் அடுத்த நாள் திகதியில். ‘வியாழன்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வியாழன் விடிய எழும்பிக் கணினியைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. ஒளிப்பதிவு பிறகு யூடியூப்பில் வரும்தானே என்றும் இருந்துவிடாதீர்கள். எல்லா உரைகளையும் போடமாட்டார்கள்.

சரி, போய்விட்டீர்கள். மண்டபம் மங்கலாக இருக்கும். லைட்டைப் போடச் சொல்லிச் சத்தம் போடவேண்டாம். கடதாசியில் வரைந்த படங்கள், பழைய துணிகள் போன்றவற்றுக்குச் சுமார் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை என்பது நூதனசாலைகளின் வழமை. கூடுதல் வெளிச்சம் நிறத்தைத் தின்றுவிடும், போன நிறம் திரும்பி வராது. ஐந்து நிமிடம் நின்றால் கண் பழகிவிடும்.

கேள்வி நேரம்தான் பெரிய ஆபத்து. மைக் கையில் கிடைத்ததும் ‘நான் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன்’ என்று தொடங்கி, தன் வாசிப்பு, தன் அனுபவம், நாட்டு நிலைமை எல்லாம் சொல்லி, கடைசியில் கேள்வியே இல்லாமல் உட்காருகிறவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருக்கிறார். வடமோடிக் கூத்தில் ஆடுபவர் கட்டுகிற, கூடைபோல் விரிந்த கரப்புடுப்பு ஒன்றைக் காட்சிக்கு வைத்து, பக்கத்தில் கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியாரைப் பேசவைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். கூத்தின் எதிர்காலம் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறவருக்குக் கிடைப்பது ஒரு தலையாட்டல். ‘இதைக் கட்டிக்கொண்டு சுழன்று ஆடும்போது பாரம் எங்கே இழுக்கும்?’ என்று கேட்டால் அண்ணாவியார் எழும்பி ஆடியே காட்டக்கூடும். கண் முன்னால் இருக்கிற பொருளைப் பற்றி, ஒரே வசனத்தில் கேளுங்கள். ‘எனக்கு ஓவியம் விளங்காது’ என்று ஒதுங்கி இருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். இந்த நீலம் ஏன் இங்கே என்று கேட்கப் பட்டம் ஒன்றும் தேவையில்லை.

பிள்ளைகளின் பயிலரங்கில் அம்மாமார் பின்னால் குனிந்து நின்று சூரியனை வரைந்து கொடுப்பதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வெளியே போய்த் தேநீர் குடியுங்கள்.

ஏற்பாட்டாளர்கள் பக்கம் தவறு இன்னும் கூட. அழைப்பிதழைப் பாருங்கள்: மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை இரண்டு, பொன்னாடை, அறிமுகவுரை. ஒன்பது படி ஏறியபிறகு பத்தாவதாகத்தான் ஓவியர். விபுலானந்தர் 1892இல் காரைதீவில் பிறந்ததையும், அவருடைய இசை ஆய்வான யாழ் நூல் வெளிவந்த 1947இலேயே மறைந்ததையும் இந்த மண்ணில் யாருக்கு மறுபடி சொல்லவேண்டும்? ஆனாலும் வரவேற்புரையில் அது வராமல் போவதில்லை. ஐந்து மணிக்கு அழைக்கப்பட்ட ஓவியருக்கு ஆறரைக்கு மைக் கிடைக்கிறது, ‘நேரம் போதாமையால் சுருக்கமாக’ என்று எழுதிய துண்டுச் சீட்டோடு. விளக்கேற்றுங்கள், ஒருவர் இரண்டு நிமிடம் வரவேற்கட்டும், அதற்குமேல் வேண்டாம். பிரமுகர் கோபிப்பார் என்றால் அவரைத் திறப்பு விழாவுக்கு அழையுங்கள், உரைக்கு வேண்டாம். மண்டபம் வெறுமையாகத் தெரியக் கூடாதென்று பாடசாலைப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவந்து நிரப்புவதும் வேண்டாம். அந்தப் பிள்ளைகள் இனி ஓவியம் என்றால் கொட்டாவிதான் விடுவார்கள். கதிரைகளை மேடைக்கு முன்னால் வரிசையாகப் போடாமல் படங்களுக்கு அருகே அரைவட்டமாகப் போட்டாலே பேச்சின் தொனி மாறிவிடும். வட்டக்களரியைச் சுற்றியிருந்து கூத்துப் பார்த்த சனத்துக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை.

நாள் பார்ப்பதில் நல்லநேரம் மட்டும் பார்த்தால் போதாது. வெள்ளி நண்பகல் ஜும்ஆ தொழுகை. ஆறு மணியை ஒட்டி மஃரிப் தொழுகை. அந்த நேரத்தில் உரை வைத்தால் காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் ஆட்கள் பாதியில் எழும்பவேண்டி வரும். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோரத்திலும் இதே கதைதான். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கும் குளிர்த்தியும், ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தமும் ஊரைக் கூட்டிப்போய்விடும். நோன்பு மாதத்தில் பின்னேரக் கூட்டமே கூடாது. கார்த்திகை, மார்கழியில் மழை விட்டால்தான் நிகழ்ச்சி. சனி ஞாயிறு காலையில் உயர்தரப் பிள்ளைகள் ரியூசனில் இருப்பார்கள். சித்திரம் படிக்கிற பிள்ளையே வரமுடியாத நேரத்தில் ஓவியர் உரை வைத்து என்ன பயன்? மண்டபத்துக்கு முற்பணம் கட்ட முன், காத்தான்குடியில் ஒருவருக்கும் களுவாஞ்சிகுடியில் ஒருவருக்கும் சித்திர ஆசிரியர் ஒருவருக்கும் ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்.