சாவி கொடுக்கும் எச்எம்டி வாட்சை எப்போது சர்வீஸ் செய்வது?

தினமும் கட்டும் வாட்ச் என்றால் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை. பெட்டியில் சும்மா கிடந்தாலும் எண்ணெய் காய்ந்து பிசினாகிவிடும். அதை அப்படியே ஓட்டினால் சக்கர முனைகள் தேயும். பல ஆண்டு கிடந்த ஜனதாவுக்கு (எச்எம்டியின் சாவி வாட்ச் மாடல்) சாவி கொடுத்து ஓட விடாதீர்கள், முதலில் சர்வீஸ்.

முழுச் சாவி கொடுத்தும் 30 மணி நேரம் தாண்டவில்லை, நாளுக்கு நாள் பின்தங்குகிறது என்றால் நேரம் வந்துவிட்டது. திடீரென நிமிடக் கணக்கில் முந்தினால் முதலில் வாட்சில் காந்தம் ஏறியிருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். ஹேர்ஸ்பிரிங் (துடிப்பைச் சீராக்கும் மெல்லிய சுருள் கம்பி) சுருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். காந்தம் நீக்க சில நொடி போதும், பிரிக்கவே வேண்டாம். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அன்றே கடைக்குப் போங்கள். துரு காத்திருக்காது.

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: முழுசாகப் பிரிப்பீர்களா? மெஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி எண்ணெய் விடுவது சர்வீஸே அல்ல. சக்கர முனைகள் சுழலும் கல் துளைக்குள்ளேயே அழுக்கு தங்கிவிடும். ஒவ்வொரு பாகமும் தனியாகக் கழுவப்பட வேண்டும். சாவிப் பகுதிக்குக் கெட்டி கிரீஸ், வேகமாக ஓடும் சக்கரங்களுக்கு மெல்லிய எண்ணெய், ஹேர்ஸ்பிரிங்கில் துளியும் படக்கூடாது. சாவியின் விசையைச் சேர்த்துவைக்கும் மெயின்ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

டயலுக்குப் பெயின்ட் அடிக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். பழைய டயல் போனால் போனதுதான். கொடுக்கும் முன் டயலையும் உள் மெஷினையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப வாங்கும்போது டைம்கிராஃபரில் (துடிப்பைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஜனதா மணிக்கு 18,000 துடிப்பு. முழுச் சாவியில், டயல் மேல்நோக்கியிருக்க, ஆம்ப்ளிடியூட் (துடிக்கும் சக்கரம் ஆடும் கோணம்) 250 டிகிரிக்கு மேல் வந்தால் நல்ல வேலை. 200-க்குக் கீழே என்றால் திருப்பிக் கொடுங்கள்.