ஃபைல் எரர் மெசேஜை அப்படியே நம்பாதீர்கள்

ஃபைல் கண்ணெதிரே கிடக்கும், புரோகிராமோ "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று சாதிக்கும். லினக்ஸில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) திருப்பித் தருவது வெறும் ஒரு எண்தான்: 2 என்றால் இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை, 28 என்றால் இடம் இல்லை. எந்த ஃபைல், பாதையில் எந்த இடத்தில் தடுக்கியது என்றெல்லாம் அது சொல்லாது. மெசேஜில் தெரியும் ஃபைல் பெயர் லைப்ரரி தன் பங்குக்கு ஒட்டியது, அதனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தப் பெயரைத்தான்.

2 வந்தால் பாதையை மேலிருந்து ஒவ்வொரு ஃபோல்டராகப் பாருங்கள். பைத்தானில் புது ஃபைலை எழுதுவதற்காகத் திறக்கும்போதுகூட "இல்லை" என்று வரும்; புது ஃபைல் இல்லாமல்தானே இருக்கும், உண்மையில் இல்லாதது அதன் ஃபோல்டர். சார்புப் பாதை (முழுப் பாதையாக இல்லாமல், ஓடும் ஃபோல்டரிலிருந்து தொடங்குவது) கொடுத்திருந்தால் புரோகிராம் எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறது என்று பிரின்ட் செய்துவிடுங்கள், பாதையையும் ரெப்ர் (repr, மறைந்த எழுத்துகளையும் காட்டும் பைத்தான் ஃபங்ஷன்) போட்டுப் பிரின்ட் செய்தால் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நியூலைன் தெரிந்துவிடும்.

ஸ்கிரிப்டை ஓட்டும்போது இதே 2 வந்தால் அதன் முதல் வரியைப் பாருங்கள். அங்கே குறிப்பிட்ட இன்டர்பிரெட்டர் (ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டும் புரோகிராம்) இல்லையென்றாலும் பழி ஸ்கிரிப்ட் மேல்தான் விழும். விண்டோஸில் சேவ் செய்த ஃபைல் என்றால் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் ஒன்று இருக்கும், கெர்னல் அதையும் சேர்த்து இன்டர்பிரெட்டரின் பெயராக எடுத்துக்கொண்டு தேடும். நோட் ஜேஎஸ்ஸில் (Node.js) ஸ்பான் செய்யும்போது, அதாவது வேறொரு கமாண்டை ஓட்டும்போது, நீங்கள் கொடுத்த வேலை ஃபோல்டர் இல்லாவிட்டாலும், கமாண்டே இல்லை என்பதுபோல எரர் வரும்.

13-க்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். லினக்ஸில் ஒரு ஃபைலை அழிக்க முடியவில்லையா, அது இருக்கும் ஃபோல்டரின் எழுதும் அனுமதியைப் பாருங்கள். விண்டோஸில் பைத்தான் இதே எண்ணைக் காட்டினால், ஃபைலுக்குப் பதில் ஃபோல்டரைத் திறக்கப் பார்த்தீர்களா என்று சரிபாருங்கள்.

28 இன்னும் குறும்பு. டிஸ்கில் நிறைய இடம் இருந்தும் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்துபோனால் இதே மெசேஜ்தான் (df -i கமாண்ட் போட்டால் தெரியும்). ஃபைல் மாற்றங்களைக் கவனிக்கும் ஐநோட்டிஃபை வரம்பைத் தாண்டினாலும் இதே "இடம் இல்லை" வரும், டிஸ்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சி-யில் எழுதுகிறீர்கள் என்றால் ஃபங்ஷன் கால் (call) தோற்றவுடன் எர்நோவை (errno, அந்த எரர் எண் இருக்கும் இடம்) ஒரு வேரியபிளில் எடுத்துவையுங்கள். நடுவில் லாக் எழுதும் ஒரு கால் போதும், அது மாறிப்போகலாம்.

எதுவும் பிடிபடவில்லையா? எஸ்ட்ரேஸ் (strace, புரோகிராம் கெர்னலுக்கு விடுக்கும் கால்களைக் காட்டும் லினக்ஸ் டூல்) போட்டு, கிளைப் புரோசஸ்களையும் தொடர எஃப் ஆப்ஷன் சேர்த்து, ஃபைல் சம்பந்தமான கால்களை மட்டும் வடிகட்டி ஓட்டுங்கள், அப்புறம் தோற்ற வரிகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். லைப்ரரி மறைத்த உண்மையான பாதை பெரும்பாலும் அங்கே இருக்கும்.